தலைவெட்டியைக் கழுவும் முறை

1

இந்தக் கதை ஒரு காப்பித்தூள் டப்பாவிலிருந்து வந்தது. இதற்கு வேறு பூர்வீகம் எதுவும் இல்லை.

வகுப்பின் கடைசிப் பயிற்சிக்காக எங்கள் ஆசிரியை இங்வில் மூன்று துண்டுச்சீட்டுகளை மடித்து அந்த டப்பாவுக்குள் போட்டுக் குலுக்கினாள். நாங்கள் மூன்று பேர். ஓத்மாருக்குச் ‘சமையல் குறிப்பு’ வந்தது. பெரித்துக்கு ‘நகராட்சிக்குப் புகார்’. எனக்குக் ‘கதை’.

“மாத்திக்கலாமா?” என்று பெரித்திடம் கெஞ்சினேன்.

“போடி. பனி தள்ளுற வண்டிக்காரன் ஏழு வருஷமா என் வீட்டு வாசல்லயே மேடு கட்டிட்டுப் போறான். இந்தச் சீட்டு எனக்குன்னே வந்தது.”

“ஓத்மார், நீயாவது?”

“எனக்குத் தெரிஞ்ச சமையல் முட்டை அவிக்கிறது ஒண்ணுதான். நாலு வரி. முடிச்சுட்டுக் கிளம்பிடுவேன். கதை உன் பாடு.”

ஆகவே மாங்னில் என்னும் நான், வயது நாற்பத்தேழு, வட நோர்வேயின் ஒரு தீவில் சால்மன் ஆலையில் இயந்திரம் கழுவுகிறவள், கதை எழுதுகிறேன். போன இலையுதிர்காலம் வரை என் மகளின் பள்ளியிலிருந்து வரும் கடிதங்களை நான் –

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும். இங்வில்லின் வகுப்பில் அழிப்பானுக்கு அனுமதி கிடையாது. “தப்பா வந்த வாக்கியமும் நீ எழுதினதுதான். விட்டுட்டு அடுத்ததுக்குப் போ” என்பாள். எனவே இங்கே பாதியில் நிற்பவற்றை அச்சுப்பிழை என்று எண்ணவேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: ‘கடல் அமைதியாக இருந்தது.’

ஓத்மார் எட்டிப் பார்த்தான். அவன் இதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். “எப்போடி அமைதியா இருந்துச்சு? உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்குப் படகுல நம்ம மேலாளர் யோஸ்தெய்ன் வாளியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்தான்னு ஊருக்கே தெரியும்.”

இரண்டாம் தொடக்கம்: ‘எழுத்தறிவின்மை என்பது ஒரு சமூகப் –’

இதை நான் விட்டதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் தொடக்கம்: ‘எனக்கு விரல்கள் ஒன்பதே முக்கால்.’

“இதுதான்டி!” என்று பெரித் மேசையைத் தட்டினாள். நான் இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் கதை இங்கிருந்து தொடங்காது. முதலில் வகுப்பைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் விரலுக்கு அர்த்தம் இல்லை.

3

ஆலையின் அறிவிப்புப் பலகையில் ‘கணினி வகுப்பு’ என்றுதான் போட்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கான வகுப்பு என்று போட்டிருந்தால் ஒரு ஈகூட வந்திருக்காது. வேலை நேரத்திலேயே, செவ்வாயும் வியாழனும் காலை இரண்டு மணி நேரம், சாப்பாட்டுக்கூடத்தில் நடக்கும். வந்தவர்கள் மூன்று பேர். பெரித் பொதிகட்டும் பிரிவு. எந்த எழுத்தைப் பார்த்தாலும் அது நண்டுபோல் பக்கவாட்டில் நகர்கிறது என்பாள். ஓத்மார் சுமைதூக்கி வண்டி ஓட்டுகிறவன், வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடமாக, யாராவது ஒரு தாளை நீட்டினால் “கண்ணாடியை வீட்டுல வச்சுட்டேனே” என்று சொல்லியே காலம் தள்ளியவன்.

முதல் நாளும் அதையே சொன்னான். இங்வில்லுக்கு வயது முப்பதுகூட இருக்காது. தன் பையிலிருந்து ஐந்து கண்ணாடிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். பெட்ரோல் நிலையத்தில் தொங்குமே, அந்த மலிவுக் கண்ணாடிகள்.

“எது சரியா இருக்குன்னு போட்டுப் பாரு, ஓத்மார்.”

அவன் ஒன்றை எடுத்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான். பிறகு ஐந்தையும் மெதுவாக அவள் பக்கம் தள்ளினான்.

“கண்ணு நல்லாத்தான் தெரியுது, இங்வில். எழுத்துதான் தெரியல.”

யாரும் சிரிக்கவில்லை. நானும் பெரித்தும் எங்கள் காப்பிக் கோப்பைகளுக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மனிதன் முப்பது வருடம் சுமந்ததை ஒரே மூச்சில் இறக்கிவைத்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அவன் தோள்கள் உண்மையிலேயே இறங்கின.

அடுத்த பயிற்சி ரொட்டி. இங்வில் ஒரு முழு ரொட்டி, வெண்ணெய், பழுப்புப் பாலாடைக்கட்டி, அதைச் சீவும் கரண்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டி கட்டுவது எப்படி என்று எழுதவேண்டும். நாங்கள் எழுதியதை அவள் எழுதியபடியே செய்வாள்.

ஓத்மார் எழுதியது: ‘ரொட்டி எடு. வெண்ணை தடவு. மேல கட்டிய வை.’

இங்வில் முழு ரொட்டியைத் தூக்கி எடுத்தாள். வெண்ணெயைக் கையால் அள்ளி ரொட்டியின் முதுகில் தடவினாள். அதன்மேல் அரைக் கிலோ பாலாடைக்கட்டியை உறையோடு உட்காரவைத்தாள்.

“ஏய்! என்ன பண்ற? வெட்ட வேண்டாமா?”

“வெட்டுன்னு நீ எழுதலையே.”

“அது யாருக்குத்தான் தெரியாது, மீன் தலையே!”

“எனக்குத் தெரியாது. என்கிட்ட இருக்கறது உன் தாள் மட்டும்தான்.”

பெரித் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. ‘என்கிட்ட இருக்கறது உன் தாள் மட்டும்தான்’ என்ற வார்த்தை எங்கேயோ போய்க் குத்தியது. எங்கே என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

(கதாசிரியையாக ஒரு சந்தேகம்: அந்த வார்த்தை அன்றே குத்தியதா, அல்லது இப்போது எழுதும்போது குத்தவைக்கிறேனா? ரொட்டி தின்றது நன்றாக நினைவிருக்கிறது. குத்தியது நிச்சயமில்லை.)

4

சனவரியில் இங்வில் சொன்னாள்: “இந்தக் கட்டடத்துல உங்களுக்குப் பிடிக்காத ஒரு தாளைக் கொண்டுவாங்க. பார்த்தாலே எரிச்சல் வர்ற தாள்.”

ஓத்மார் விடுப்பு விண்ணப்பத்தைக் கொண்டுவந்தான். பெரித் வேலையாட்கள் சங்கத்தின் சுற்றறிக்கையை. நான் திருப்புளியோடு கழுவும் கூடத்துக்குப் போய், தலைவெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த தாளைக் கழற்றி எடுத்துவந்தேன்.

தலைவெட்டி என்பது சால்மனின் தலையை எடுக்கும் இயந்திரம். எட்டு வருடத்துக்கு முன்னால் அது ஆலைக்குப் புதிது. முதல் வாரம் அதைக் கழுவும் வேலை எனக்கு வந்தது. உற்பத்தி மேலாளர் யோஸ்தெய்ன் போகிறபோக்கில், “எல்லாம் சுவர்ல எழுதியிருக்கு மாங்னில், படிச்சுட்டு ஆரம்பி” என்றான்.

நான் தாளின்முன் நின்றேன். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது: ஒரு பக்கத் தாளுக்கு நாற்பதுவரை எண்ணவேண்டும். அதற்குமுன் திரும்பினால் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். அதிகம் நின்றால் படிக்கத் தெரியாது என்று தெரிந்துவிடும். நாற்பது எண்ணினேன். தலையை ஆட்டினேன். நிறுத்து பொத்தானை அழுத்தி, மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டேன். இயந்திரத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருந்தது. என் கையை அது மீன் என்று எண்ணிக்கொண்டது.

இடது மோதிர விரலின் நுனி போயிற்று. பெரிய விஷயமில்லை, எங்கள் தீவில் பத்து விரலும் முழுதாக உள்ள கைகளை எண்ணினால் குறைவுதான். பெரிய விஷயம் விபத்து அறிக்கை. ‘பணியாளர் சுவரிலிருந்த அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை.’ அதை யோஸ்தெய்ன் எனக்கு வாசித்துக் காட்டினான். நான் கையொப்பம் போட்டேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் “என் கவனக்குறைவு” என்பேன். என் கணவனிடமும் அதையே சொன்னேன். படிக்கத் தெரியாததால் விரலை இழந்தவள் என்பதைவிடக் கவனமில்லாதவள் என்பது எவ்வளவோ கௌரவமாக இருந்தது.

இதை இங்வில்லிடமும் சொல்லவில்லை. தாளை மேசைமேல் போட்டு, “இது பிடிக்காது” என்றேன். அவ்வளவுதான்.

5

அந்தத் தாளைப் படித்து முடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. பன்னிரண்டு பத்திகள். யோஸ்தெய்ன் எழுதிய நடையில் ஒரு துளி தருகிறேன். நாலாவது பத்தி:

‘மேல்மூடி அகற்றப்பட்டதைத் தொடர்ந்து வெட்டலகுப் பகுதியில் தேங்கியுள்ள எச்சங்கள் கைமுறையாக நீக்கப்படுதல் வேண்டும்.’

“இது எந்த ஊர்ப் பாஷை?” என்றாள் பெரித்.

“நம்ம பாஷைதான். கோட்டும் டையும் போட்டிருக்கு” என்றான் ஓத்மார்.

இங்வில்லின் பயிற்சி இது: தாளை நகலெடுத்து, நகலில் ஒவ்வொரு பத்தியையும் கத்தரித்துத் துண்டாக்கு. அதன் பொருளை உன் வாய்ப்பேச்சில் சொல். சொன்னதைச் சின்ன வாக்கியமாகத் துண்டின் முதுகில் எழுது. பிறகு துண்டுகளைக் கலைத்துவிட்டு, கை வேலை எப்படி நடக்குமோ அப்படி வரிசைப்படுத்து. நாங்கள் எழுதியதைத் தன் கைபேசியின் இயந்திரக்குரலால் சத்தமாக வாசிக்கவும் வைப்பாள். பிழையாக எழுதினால் பிழையாகவே வாசிக்கும்.*

கடைசி வாரம் பதினோராவது துண்டு என் கைக்கு வந்தது. ‘மேற்கூறிய பணிகள் யாவும் மின்வழங்கல் துண்டிக்கப்பட்டு, பிரதான இணைப்பான் பூட்டப்பட்ட நிலையிலேயே மேற்கொள்ளப்படுவதை உறுதிசெய்தல் பணியாளரின் பொறுப்பாகும்.’ ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். முதுகில் எழுதினேன்: ‘முதலில் கரண்டை அணை. பூட்டுப் போடு.’

துண்டுகளை மேசைமேல் பரப்பினோம். இங்வில் என்னைப் பார்த்து, “அது எங்க வரும் மாங்னில்?” என்றாள்.

“முதல்ல.” வைத்தேன்.

“தாள்ல எங்க இருந்தது?”

நான் துண்டைத் திருப்பி எண்ணைப் பார்த்தேன். பதினொன்று. பிறகு ‘மூடியைத் திற, கையால் எடு’ என்ற துண்டைத் திருப்பினேன். நான்கு. மறுபடி அதைப் பார்த்தேன். மறுபடி இதைப் பார்த்தேன்.

“படிக்கத் தெரிஞ்சிருந்தாலும் போயிருக்கும்” என்றேன்.

“என்ன போயிருக்கும்?”

என் இடது கையை மேசைமேல், துண்டுகளுக்கு நடுவில் வைத்தேன். அன்றுதான் சொன்னேன், நாற்பது எண்ணியதிலிருந்து எல்லாவற்றையும். பெரித் வாயைத் திறந்தாள், ஒன்றும் வராமல் மூடினாள். அவளை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சம்பவம் என்று தெரியும். ஓத்மார் எழுந்துபோய் எனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டுவந்தான்.

எட்டு வருடம் நான் வெட்கப்பட்டது ஒரு தாளின் தப்புக்காக. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை.

* ‘கத்தி’ என்பதற்கு ‘காத்தி’ என்று எழுதி, அந்த இயந்திரக்குரல் ‘காத்தியைத் தொடாதே’ என்று நாலுமுறை சொன்னதிலிருந்து எங்கள் வகுப்பில் யோஸ்தெய்னுக்குக் காத்தி என்று பெயர்.

6

இந்த இடத்தில் யோஸ்தெய்னைப் பற்றி எனக்கு ஐயம் வருகிறது. இதுவரை எழுதியதைப் படித்தால் கெட்டவனாகத் தெரிகிறான். கதைக்கு அது வசதி. ஆனால் விரல் போன அன்று மருத்துவமனைக்குப் போன படகில் ஐம்பது நிமிடமும் என் கையை என் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவன் அவன்தான். மறுகையால் வாளியைப் பிடித்துக்கொண்டு அதில் வாந்தி எடுத்தான். என் கையை மட்டும் விடவில்லை. அறிக்கையை எழுதியவனும் அவன்தான். இரண்டு யோஸ்தெய்ன்களையும் ஒரே ஆளுக்குள் எப்படி அடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வாசகர்கள் வலது கையில் ஒருவனையும் இடது கையில் ஒருவனையும் வைத்துக்கொள்ளவும்.

அட்டையில் ஒட்டிய துண்டுகளோடு அவன் அறைக்குப் போனேன்.

“பதினோராவது பத்தியில தெளிவா இருக்கே” என்றான்.

“நாலாவதுலயே விரல் போயிடுது, யோஸ்தெய்ன்.”

“யாரும் ஒவ்வொரு வரியா செஞ்சுக்கிட்டே படிக்கமாட்டாங்க. முழுசா படிச்சுட்டுத்தான் செய்வாங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது –” நிறுத்திக்கொண்டான். அவன் காது சிவந்தது.

(அவனும் வாக்கியத்தைப் பாதியில் விடுகிறவன்தான்.)

“அப்போ நீயே செஞ்சு காட்டு. உன் தாள், உன் கை. ஓத்மார் படிப்பான்.”

“ஓத்மாரா? படிப்பானா?”

“நீ வா. பார்ப்ப.”

அவன் மறுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் பெரித் ஆலை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

7

மார்ச் மாதம், வியாழக்கிழமை, மதிய வேலை முடியும் நேரம். கழுவும் கூடத்தில் முப்பது பேருக்குமேல் ரப்பர் காலணிகளோடு நின்றார்கள். யாருக்கும் ஆபத்து வராதபடி இயந்திரத்தின் பெல்ட்டை மெக்கானிக் காலையிலேயே கழற்றியிருந்தான், வெட்டலகு சுற்றாது. மின்சாரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

ஓத்மார் தாளோடு வந்தான்.

“ஓத்மார், கண்ணாடி எங்கடா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு.

“என்கிட்ட எந்தக் காலத்துலயும் கண்ணாடி இருந்ததில்ல” என்றான் ஓத்மார். “படிக்கத்தான் தெரியாம இருந்துச்சு. இப்போ வாயை மூடிட்டுக் கேளு.”

சிரிப்பு நின்றது.

அவன் படித்தான். விரலை ஒவ்வொரு எழுத்தின்கீழும் வைத்து, மேடு ஏறும் வண்டிபோல. ‘வெட்டலகு’ என்ற சொல்லில் இரண்டுமுறை இடறினான். அவன் மனைவியே அவன் வாசித்துக் கேட்டதில்லை. அவளும் கூட்டத்தில் நின்றாள்.

முதல் பத்தி. யோஸ்தெய்ன் கையுறை மாட்டினான். இரண்டாவது. நிறுத்து பொத்தானை அழுத்தினான். மூன்றாவது. மூடியைத் தூக்கினான். நாலாவது பத்தியை ஓத்மார் வாசித்து முடித்ததும், யோஸ்தெய்ன் உள்ளே கைவிட்டு அங்கே ஒட்டிக்கிடந்த மீன்செதிலை எடுக்கப்போனான்.

“நில்லு” என்றேன். “கையை எடுக்காத. அப்படியே வச்சுக்கிட்டு விளக்கைப் பாரு.”

அவன் பார்த்தான். பச்சை. எல்லோரும் பார்த்தார்கள்.

“பூட்டு வர இன்னும் எத்தனை பத்தி இருக்கு, ஓத்மார்?”

“ஏழு.”

யோஸ்தெய்ன் கையை வெளியே எடுத்தான். அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இழந்த ஒன்றைத் தேடுவதுபோல இருந்தது அவன் பார்த்த விதம்.

“இப்போ எங்களுது!” என்று பெரித் கத்தினாள். எங்கள் தாளை அவளே வாசித்தாள்.

‘1. சிவப்புத் திருகை அணை.
2. பூட்டுப் போடு.
3. சாவியை உன் பையில் வை. யார் கேட்டாலும் கொடுக்காதே.
4. பச்சை விளக்கு எரிகிறதா? எரிந்தால் எதையும் தொடாதே. யோஸ்தெய்னைக் கூப்பிடு.
5. மூடியைத் திற.
6. இப்போது கழுவு.’

நாலாவதின் கடைசி வரி ஓத்மாரின் கைவண்ணம். அதற்குக் கூட்டம் சிரித்தது; யோஸ்தெய்னும் சிரித்துவிட்டான். ஒவ்வொன்றாகச் செய்தான். அணைத்தான், பூட்டினான், சாவியைச் சட்டைப்பையில் போட்டான். விளக்கு அணைந்திருந்தது. மூடியைத் திறந்தபோது யாரோ காலியான மீன்தொட்டியை ஒருமுறை தட்டினார்கள். பக்கத்தில் ஒருவன் தட்டினான். பிறகு கூடம் முழுக்கப் பிளாஸ்டிக் தொட்டிகள் முழங்கின. ஓத்மாரின் மனைவி எல்லோருக்கும் மேலாகத் தட்டினாள். இங்வில் கதவருகே நின்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

யோஸ்தெய்ன் எங்கள் தாளை வாங்கித் தானே சுவரில் திருகினான்.

“பேர் எங்க போடணும், மாங்னில்?”

“கீழ. மூணு பேரோடதும்.”

8

இனி முடிவு. வகுப்பில் ஆளுக்கொன்று தந்தார்கள்.

பெரித்தின் முடிவு: யோஸ்தெய்ன் முழங்காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறான், ஒரு கடற்பறவை அவன் தலைமேல் எச்சமிடுகிறது. (நடக்கவில்லை. அவள் இன்னும் நம்பிக்கையோடு இருக்கிறாள்.)

ஓத்மாரின் முடிவு: எல்லோரும் வாஃபிள் தின்கிறார்கள். (நடந்தது. ஆனால் எங்கள் ஆலையில் எல்லா வெள்ளிக்கிழமையும் நடப்பதுதான்.)

இங்வில்லின் முடிவு: பக்கத்துத் தீவின் ஆலையிலிருந்து கடிதம் வருகிறது. அவர்களுடைய நாற்பத்தொரு இயந்திரங்களுக்கும் நாங்களே தாள் எழுதித் தரமுடியுமா என்று. (இதுவும் உண்மை. “நாப்பத்தொண்ணா? நான் எப்போ முட்டை அவிக்கிறது?” என்றான் ஓத்மார்.)

நான் எதையும் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் எனக்கு வேண்டியது இவற்றுக்கு நடுவில், ஒரு திங்கட்கிழமை காலை, ஆலை அலுவலகத்தில் நடந்தது. பழைய விபத்து அறிக்கையைத் திருத்தவேண்டும் என்று கேட்டிருந்தேன். அலுவலகப் பெண் புதிய படிவத்தை மேசைமேல் வைத்தாள். மேலாளருக்கான கட்டத்தில் யோஸ்தெய்ன் ஏற்கெனவே எழுதியிருந்தான். நானே படித்தேன், யாரும் வாசித்துக் காட்டவில்லை: ‘தாளை எழுதியவன் நான். வரிசை தவறு. பணியாளர் மேல் தவறில்லை.’ இந்தமுறை அவனுக்கும் சின்ன வாக்கியங்கள் வந்துவிட்டன.

அதற்குக் கீழே, ‘என்ன நடந்தது: பணியாளரின் கூற்று.’ ஐந்து கோடுகள்.

“நீ வாயால சொல்லு மாங்னில், நான் எழுதிக்கறேன். சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றாள் அந்தப் பெண்.

“அவசரம் ஒண்ணுமில்ல” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

என்ன எழுதினேன் என்பது இங்கே வராது. அது அந்தப் படிவத்துக்கு எழுதியது. அவள் இரண்டுமுறை காப்பி குடித்துவிட்டு வந்தாள். வெளியே படகு ஒன்று வந்து, சரக்கை இறக்கி, திரும்பிப் போயிற்று. ஐந்தாவது கோட்டின் முடிவுக்கு வந்தபோது என் பேனா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“இடம் பத்தல” என்றேன். “இன்னொரு தாள் கொடு.”